வலது பக்க ஆக்சிலேட்டர்

2025 பிப்ரவரி 1, சனி

ரிமோட் கடைக்காரனோடு சண்டை. என் குட்டி லாரிக்கு இருப்பது துப்பாக்கி மாதிரிப் பிடித்துச் சின்னச் சக்கரத்தைத் திருப்புகிற ரிமோட். தெர்மாக்கோலில் நானே செய்த விமானத்துக்கு அது ஆகாதாம், இரண்டு குச்சி வைத்ததுதான் வேண்டுமாம். சரி. "இது ஒண்ணே போதும்ணா, லாரி, படகு, பிளேன் எல்லாத்துக்கும்" என்றான். ஸ்டீயரிங் இல்லாமல் லாரியா? என்னிடமே சொல்கிறான்.

அதைவிடக் கொடுமை, வேகம் கூட்டுகிற குச்சி இடது பக்கம். முப்பது வருடமாக லாரி ஓட்டுகிறேன், எந்த வண்டிக்கு ஆக்சிலேட்டர் இடது பக்கம்? "எல்லாரும் இதைத்தாண்ணா வாங்கறாங்க." எல்லாரும் கிணற்றில் குதித்தால் நானும் குதிக்கணுமா? வலது பக்கம் இருப்பதைத் தேடி எடுக்கவைத்து வாங்கி வந்தேன்.

பிப்ரவரி 9

சர்ச்சில் ஞாயிற்றுப் பூசை முடிந்து ராசிபுரம் பக்கம் போனேன். வறண்ட ஏரியில் விமானம் விடுகிறவர்கள் கூடுகிறார்கள். கற்றுக்கொடுப்பவர் காளிதாஸ், விசைத்தறிக்காரர், என்னைவிடச் சின்னவர். ரிமோட்டைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. "ஏனுங் பாக்கியண்ணா, எங்க எல்லார்த்துதும் இடது பக்கமுங்க. நீங்க தடுமாறுனா வாங்கி எறக்கித் தர முடியாதுங்க."

யார் தடுமாறப் போகிறார்கள்?

பிப்ரவரி 23

பறந்தது. அரை நிமிடம் இருக்கும். திரும்பி என்னை நோக்கி வரும்போது இடம் எது, வலம் எது என்று கைக்குக் குழம்பிவிட்டது. காளிதாஸ் வெடுக்கென்று ரிமோட்டைப் பிடுங்கி, பழக்கத்தில் இடது குச்சியைக் கீழே இழுத்தார். அவருடையதில் அது வேகம் குறைக்கும். என்னுடையதில் மூக்கைத் தூக்கும். விமானம் நெட்டுக்குத்தாக ஏறி, நின்று, விழுந்தது. இறக்கை இரண்டு துண்டு. நாலு மாத வேலை.

என்னைக் கேட்காமல் எதுக்குய்யா பிடுங்கின? கேட்டே விட்டேன். "அன்னைக்கே சொன்னேனுங்களே" என்றார். அதுதான் தாங்கவில்லை.

பிப்ரவரி 24

ஆத்திரம் தீரவில்லை.

மார்ச் 5, சாம்பல் புதன்

"தவக்காலத்துக்குக் கறியை விட வேண்டாம், கோபத்தை விடுங்க" என்றாள் டெபோரா. இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் இவளுக்கு என்னைத் தெரியவில்லை. கறியை விட்டேன்.

மார்ச் 16

இறக்கை ஒட்டியாயிற்று. ரிமோட்டைக் கடையில் கொடுத்தால் இடது பக்கத்துக்கு மாற்றித் தருவார்கள். மாற்றினால் அவர் சொன்னது சரி என்று ஆகிவிடாதா? தனியாக விட்டால் மறுபடி உடையும். உடையட்டும் — இல்லை, உடையக் கூடாது.

ஏப்ரல் 6

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன்.

காளிதாஸ் தன் ரிமோட்டைக் கழற்றி வேகக் குச்சியை வலது பக்கம் மாற்றி வைத்திருக்கிறார். "பழகறக்குள்ள என்ற பிளேன் ரெண்டு தரம் உழுந்துதுங்ணா. இப்பப் பரவால்லீங்க. உங்களுது தடுமாறுனா இனிப் புடிச்சுக்குவேனுங்க." இவரை யார் மாற்றச் சொன்னது?

என் விமானம் ஏறியது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. வெயில் ஏறக் காற்று கிளம்பியது. இறக்கை ஆடியது. அவர் கை நீட்டவில்லை, பக்கத்தில் சும்மா நின்றார்.

"புடிங்க காளிதாஸ்" என்று நானே கொடுத்தேன்.

ஒரு கீறல் இல்லாமல் இறக்கினார். எப்படிப் பறந்தது என்று வீட்டில் டெபோரா கேட்டதற்கு, இன்றைக்குக் காற்று அதிகம் என்று மட்டும் சொன்னேன்.