தம்பி பத்திரிகையில் எழுதியது

சூலூர்
14.9.1996

அன்பு மகள் கோகிலவாணிக்கு அப்பா எழுதுவது. நானும் தம்பியும் இங்கே சௌக்கியம். அசாமில் வெள்ளம் என்று பேப்பரில் போட்டிருந்தான், ஜோர்ஹாட் பக்கம் தண்ணீர் வரவில்லை என்று நீ எழுதியிருந்ததால் கவலைப்படவில்லை. மாப்பிள்ளைக்கு டியூட்டி நேரம் மாறிவிட்டதா, குழந்தைக்குச் சளி விட்டதா, எழுது. தறி எட்டும் ஓடுகின்றன. நம் குடோனில் இருபது வருஷமாகத் தறி ஓட்டும் மாசாணத்துக்குத்தான் முழங்கால் வலி, ஆனாலும் லீவு போடுவதில்லை.

தம்பி ரவிக்குமார் விஷயம் ஒன்று. காலேஜ் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அவனுக்கு சினிமாதான் என்பது உனக்குத் தெரியும். பார்த்த படத்தைப் பற்றியெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவான், நான் அதைத் தொட்டதில்லை. என்னிடம் சொல்லாமலே ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டிருக்கிறான். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டப் போயிருந்தேன். சலூன்காரர் வரதராஜுலு பாதியில் கத்திரியை வைத்துவிட்டு, உங்க பையன் எழுதுனது வந்திருக்குதுங்க என்று பத்திரிகையை நீட்டினார். பெஞ்சில் இருந்த நாலு பேரும் படித்துவிட்டார்கள் போலிருக்கிறது, ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. படத்தில் யாராவது செத்தால் வயலின் வருகிறது, கட்டிக்கொண்டு அழுகிறார்கள், அது பொய் என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வருவதில்லை என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே, என் அம்மா செத்த அன்று எனக்குப் பன்னிரண்டு வயது, அப்பா அழவில்லை, தறி ஓட்டப் போய்விட்டார், அந்தச் சத்தத்தில் எனக்கும் அழுகை வரவில்லை, ஒரு வருஷம் கழித்து ஒரு படத்தில் யாரோ நடிகை செத்ததற்குத் தேம்பித் தேம்பி அழுதேன், வீட்டில் அழ முடியாதவர்களுக்கு ஓர் இடம் வேண்டும், சினிமா அதற்குத்தான் என்று முடித்திருந்தான். பாதித் தலையோடு எழுந்து வர முடியாதே, முழுக்க வெட்டிக்கொண்டுதான் வந்தேன்.

பார்த்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. கோவமுங்களாப்பா என்று கேட்டான். கோபமில்லை, நான் தறி ஓட்டப் போகவில்லை என்று மட்டும் சொன்னேன். பிறகு மற்றதையும் சொல்ல வேண்டியதாயிற்று. உனக்கும் இது தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவைக் கொண்டுவந்த வண்டியைப் பார்த்ததும் மாசாணம் எல்லாத் தறிகளையும் ஓட விட்டபடியே வெளியே ஓடிவந்துவிட்டான். நான் நிறுத்தத்தான் போனேன். இரண்டை நிறுத்தினேன். மூன்றாவதில் இழை அறுந்திருந்தது. நிறுத்தி முடிச்சுப் போட்டேன், கை பழக்கத்தில் மறுபடியும் ஓட விட்டுவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாசாணம் வந்து, ஊட்டுல தேடறாங்க, வாங்க என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். ரவி எல்லாவற்றையும் கேட்டான். அப்புறம், பத்திரிகைக்குத் திருத்தி எழுதிப் போடட்டுங்களா என்றான். நீ கேட்ட தறிச் சத்தம் நிஜமாகக் கேட்டதுதானே, விடு என்றேன்.

அடுத்த சனிக்கிழமை என்னைக் கோயமுத்தூருக்கு மேட்னி பார்க்கக் கூட்டிப்போனான். அதிலும் ஒரு பெண் சாகிறாள். சேலை ஒரு மடிப்புக் கலையவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. பக்கத்து சீட்டுக்காரர் துண்டை வாயில் வைத்து அழுதார், அவருக்கு வேறு ஏதோ துக்கம் இருக்க வேண்டும். ரவி படத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ்ஸில் எப்படி இருந்ததுங்க என்று கேட்டான். படத்தில் அழுத நடிகரைவிடப் பக்கத்து சீட்டுக்காரர் நன்றாக அழுதார் என்றேன். அவன் சிரித்துவிட்டு, இதை எழுதலாமுங்களா என்றான். எழுது, தபாலில் போடுவதற்கு முன்னால் எனக்குக் காட்டு என்று சொல்லியிருக்கிறேன்.

அவனுக்கு இரண்டு பேப்பர் அரியர் இருக்கிறது. நீ எழுதும்போது அதைச் சொல், சினிமாவை விடச் சொல்லி எழுதாதே. குழந்தைக்குத் தண்ணீரைக் காய்ச்சியே கொடு. சென்னிமலை முருகன் உங்கள் மூவரையும் நல்லபடி வைத்திருக்கட்டும். பத்திரிகைப் பக்கத்தை இதோடு வைத்திருக்கிறேன், படித்துவிட்டு மடிப்புக் கிழியாமல் திருப்பி அனுப்பிவிடு அம்மணி. உன் அம்மாவைப் பற்றி அச்சில் வந்தது அது ஒன்றுதான்.

உன் அப்பா,
சி. அரங்கசாமி