யாரும் வாங்காத டம்ளர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா?

ஞாயிற்றுக்கிழமை எங்கள் எச்.ஐ.வி. விழிப்புணர்வு நாடகத்தைத் தொழிலாளர் குடியிருப்பில் போட்டோம். எச்.ஐ.வி. உள்ள பெண்ணாக நடித்தது நான்தான். கடைசியில் நான் குடித்த டம்ளரைக் கூட்டத்தை நோக்கி நீட்டுவேன். யாராவது வாங்கிக் குடித்தால்தான் நாடகம் முடியும். அன்றைக்கு ஒருவரும் வாங்கவில்லை. ஒரு மேஸ்திரி எழுந்து, "நடிப்பெல்லாம் இருக்கட்டும்மா. உனக்கு நிஜமாவே இருக்கா, இல்லையா?" என்றார். கூட்டம் நெருக்கியது. "சொல்லிட்டுப் போ!" என்று யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

'எனக்கு இல்லை' என்று சொல்லக்கூடாது என்பது எங்கள் குழுவில் கண்டிப்பு. சொன்னால், இருப்பவர்களைக் கைகழுவியது போலாகிவிடும். அதனால் இல்லை என்று சொல்லாமல் டம்ளரை நீட்டியபடியே நின்றேன். எங்கள் குழு மேளக்காரன்தான் கூட்டத்தை விலக்கி என்னை வேனில் ஏற்றினான். பயப்படாதே, சட்டைக் கைதான் கிழிந்தது. பச்சை நூல் கொஞ்சம் அனுப்பு. இங்கேயும் கிடைக்கும், ஆனாலும் நீ அனுப்பு.

நேற்று முதல் அறைத்தோழி என் டம்ளரைத் தனியாக எடுத்து வைக்கிறாள். யாரோ எடுத்த வீடியோ சுற்றுகிறதாம்.

கீழே வேன் ஹாரன் அடிக்கிறது. அதே குடியிருப்புக்குத்தான் மறுபடியும் போகிறோம். அந்த வீடியோ சித்திக்கும் வரும், உன்னிடம் கேட்பாள். "என் பொண்ணுக்கு அதெல்லாம் கிடையாது" என்று பதறிவிடாதே அம்மா. "அவ குடிச்ச டம்ளரைக் குடுத்தா, நான் வாங்கிக் குடிப்பேன்" என்று மட்டும் சொல்.

உன் மகள்