கதவுக்கு எந்தப் பக்கம்

மார்ச் 1

என் அன்பு அக்காவுக்கு,

நலமா? முழங்கால் வலி தேவலையா? பழுது பார்க்கப் போன என் போன் போனதுதான், இன்னும் வீடு திரும்பவில்லை. கடிதமே போதும் என்கிறார் இவர். நான் எழுதியதை வாசித்துப் பிழை பார்த்து அவரே தபாலில் சேர்த்துவிடுகிறார். உன் ஞாயிற்றுக்கிழமைக் கதை வகுப்புக்கு நானும் எழுதட்டுமா என்று கேட்டேன். "கதைதானே, எழுதிட்டுப் போ" என்றார். முதல் பத்தி இதோ:

'அவள் சமையலறையில் நின்றிருந்தாள். கணவன் வேலைக்குக் கிளம்பினான். வெளியே, கதவில் பித்தளைப் பூட்டு வெயிலில் மின்னியது.'

தேறுமா, சொல்.

உன் வாலு

மார்ச் 6

அடி வாலு,

தேறும். ஆனால் ஒரு குட்டு வைக்கப்போகிறேன், தலையைக் காட்டு. கதை யார் கண் வழியாக நடக்கிறது? சமையலறையில் நிற்பவள் கண் வழியாக. வெளிப்பக்கத்துப் பூட்டு மின்னுவது அவளுக்கு எப்படித் தெரியும்? ஒருத்தியின் பார்வையில் எழுதினால் அவள் பார்ப்பதும் கேட்பதும் மட்டும்தான் கதையில் வரலாம். கதவுக்கு எந்தப் பக்கம் நிற்கிறாய் என்று முதலில் முடிவு செய்துகொள். திருத்தி அனுப்பு. முழங்காலுக்கு ஒன்றுமில்லை, மாடிப்படியைக் கண்டால் மட்டும் முரண்டு பிடிக்கிறது.

அக்கா

மார்ச் 11

அன்பு அக்கா,

நீ சொன்னது சரி. அவள் அந்தப் பூட்டைக் கண்ணால் பார்த்து மாதக்கணக்காகிறது. திருத்திவிட்டேன்:

'பூட்டு விழும் சத்தம். அவன் அதை ஒருமுறை இழுத்துப் பார்க்கும் சத்தம். பிறகு செருப்புச் சத்தம் படியிறங்கியது. போய்விட்டானா, பாதிப் படியில் நின்று காது கொடுக்கிறானா என்று அவளுக்குத் தெரியாது. அதனால் அழவில்லை.'

இப்போது சரியான பக்கம் நிற்கிறேனா அக்கா?

வாலு

மார்ச் 17

வாலுக்குட்டி,

சரியான பக்கம்தான். ஞாயிறு வகுப்பில் வாசித்தேன். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. நல்ல கதை என்றால் அப்படித்தான் ஆகும். அடுத்த பாடம், பார்வையை மாற்று. அந்தப் பெண்ணைப் பார்க்க அவள் அக்கா 27ஆம் தேதி, வியாழக்கிழமை வருகிறாள் என்று வைத்துக்கொள். படியேறும் அக்காவின் கண்ணில் என்னென்ன படும்? எழுதி அனுப்பு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 21

மதிப்புக்குரிய அக்காவுக்கு,

வணக்கம். அவளுக்கு உடம்பு சரியில்லை, எழுதும் நிலையில் இல்லை. பாடம் தவறக்கூடாதே என்று நானே எழுதினேன், கணவன் பார்வையில்:

'என் வீட்டுப் பூட்டை எனக்கு அடையாளம் தெரியாதா? கிடங்கில் அடுத்த வாரம் எனக்குப் பகல் ஷிப்ட். வியாழக்கிழமை மட்டும் லீவு சொல்லியிருக்கிறேன். மேல்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அக்காவுக்கு முழங்கால் வலி. மெதுவாகத்தான் ஏறி வருவாள்.'

மார்க் போடுங்கள் அக்கா.

தங்கள் தங்கை வீட்டுக்காரர்

மார்ச் 26, புதன்கிழமை

மாப்பிள்ளைக்கு,

உங்கள் பாடம் கிடைத்தது. வாசித்த கையோடு வாசல் கதவைத் தாழிட்டேன், அவ்வளவு பயம். நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். ஒரே ஒரு குறை. அந்தக் கணவன் தனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டிவிட்டான். நீங்கள் எந்த நேரம் வீட்டில் இருப்பீர்கள் என்று தெரியாமல்தான் வியாழக்கிழமை என்று எழுதிப்போட்டேன். நாளைக்கு லீவு சொன்னவர் இன்று வேலையில்தானே இருப்பீர்கள்!

இதை உங்கள் மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு பெண் போலீசார் வாசலில் நிற்கிறார்கள். கீழ்வீட்டுக்காரர்தான் சுத்தியலால் பூட்டை உடைத்தார். அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு உடைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் பாடம் எடுக்கிறேன், உள்ளே இருப்பவளுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும் என்பது அந்த நேரத்தில் மறந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். "வாலு, நான்தான்டி, அக்கா வந்திருக்கேன்" என்றேன். வெளியே வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"அக்கா, அவரு சொல்லித்தான் கூப்பிடுறியா?"

அவளை அழைத்துக்கொண்டு போகிறேன். மேல்படியில் உங்கள் நாற்காலியைப் போட்டு வைத்திருக்கிறேன். நாளை லீவுதானே, உட்கார்ந்திருங்கள்.

வாலுவின் அக்கா