தொன் எவாரிஸ்தோவின் தலையாட்டல்

அன்புள்ள அம்மா, கண் உறுத்தல் குறைந்ததா?

நம் ஊர்க்காரர் தொன் எவாரிஸ்தோவின் காலை எடுக்க வேண்டியதில்லை என்று இன்று மருத்துவரே சொன்னார், கவலைப்படாதீர்கள்.

போன வாரம் மருத்துவமனையில் மொழிபெயர்க்க என்னை அழைக்காமல் இயந்திரத்தை வைத்தார்கள். மருத்துவர் ஆங்கிலத்தில், "டிஸ்சார்ஜ் இருந்தால் கூப்பிடுங்கள்" என்று புண்ணில் வடியும் சீழைத்தான் சொல்லியிருக்கிறார். இயந்திரம் அதை ஸ்பானிஷில், "வீட்டுக்கு அனுப்பினால் கூப்பிடுங்கள்" என்று மாற்றிவிட்டது.

"அதான் அனுப்பிட்டாங்களேம்மா, அப்புறம் எதுக்குக் கூப்பிடணும்?" என்கிறார் தொன் எவாரிஸ்தோ, சீழ் வடிந்த காலோடு திரும்பி வந்து.

மேலாளரிடம் சண்டை போட்டேன். "புரிஞ்சுதான்னு கேட்டோமே, தலையாட்டினாரே!" என்கிறாள். மருத்துவர் முன்னால் நாம் மரியாதைக்குத்தான் தலையாட்டுகிறோம் என்பதை எந்த இயந்திரம் இவளுக்கு மொழிபெயர்க்கும்?

காய்ந்த மிளகாய் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே சாப்பாட்டில் மணமே இல்லை. பேருந்து வந்துவிட்டது. என் புகாருக்கு வெள்ளிக்கிழமை பதில் சொல்வார்களாம். அதற்கு முன்பே, வியாழனன்று நீங்கள் கண் மருத்துவரிடம் போகிறீர்கள். தலையாட்டாதீர்கள், அம்மா. புரியும்வரை கேளுங்கள்.

எல்விரா