கோயில் போரும் பள்ளிக்கூடப் போரும்

11.07.2023

ஊராட்சி மன்றக் கூட்டம். துணைத் தலைவர் பச்சியப்பன் மாமா நீரோட்டம் பார்க்க உள்ளங்கையில் தேங்காயை வைத்து நடந்த கதையை மூன்றாம் முறையாகச் சொன்னார். மாரியம்மன் கோயில் பக்கத்தில் தேங்காய் எழுந்து நின்றதாம். போர் போட்டார்கள், தண்ணீர் வந்தது. நான் நிலத்தடி நீர் ஆய்வாளரைக் கூட்டி வந்து, மிஷின் வைத்துப் பார்த்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போட்ட போரிலும் தண்ணீர் வந்தது. எம்.எஸ்சி. வேதியியல் படித்தது ஒரு தேங்காயோடு சமநிலையில் முடிக்கவா?

பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சி. கையெழுத்துப் போட ஆள் வேண்டும் என்று என்னைத் தலைவராக நிறுத்தினார்கள். படித்துப் பார்த்துவிட்டுப் போடுவேன் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, பாவம்.

24.07.2023

தண்ணீர்ப் பரிசோதனைப் பெட்டியை அடுக்களையில் விரித்தேன். மருந்து விட்டதும் சிவப்பாகவே இருந்தால் நல்ல தண்ணீர். மஞ்சளானால் ஃபுளோரைடு.

கோயில் போர்: நல்ல மஞ்சள். நிறம் ஒப்பிடும் கார்டில் மூன்றுக்கு மேல் காட்டுகிறது. ஒன்றரைக்கு மேல் போகவே கூடாது. பள்ளிக்கூடப் போர்: அழகான சிவப்பு.

கரண்டியோடு ஒரு சுற்று ஆடிவிட்டேன். சொந்த ஊர்த் தண்ணீர் கெட்டுப்போனதற்கு ஆடிய முதல் தலைவர் நானாகத்தான் இருப்பேன்.

15.08.2023

கிராம சபை. பல் மஞ்சளாகும், எலும்பு வளையும் என்று படம் காட்டினேன். பச்சியப்பன் மாமா எழுந்தார். "எங்கப்பனுக்கு எம்பது வயசு. பல்லே இல்ல. அது எப்புடிங்க மஞ்சளாவும்?"

சபையே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. சத்தமாக எண்களைச் சொன்னேன். கோயில் மோட்டாரை நிறுத்தியாயிற்று. இனி குழாய்த் தண்ணீர் வராத நாள்களில் ஊருக்கே பள்ளிக்கூடப் போர்தான்.

16.08.2023

மகளிர் குழுத் தலைவி குள்ளம்மாள் வழியில் நிறுத்தி, "கோயில் தண்ணிதாங்க இனிப்பு" என்றார். ருசிக்கும் ஃபுளோரைடுக்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். பாதியிலேயே போய்விட்டார். மீதியை அவர் முதுகுக்கு விளக்கினேன்.

21.09.2023

போன மாதம் தனியாகப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பிய தண்ணீரின் முடிவு வந்தது. கோயில் நல்லதாம். பள்ளிக்கூடம் 3.2 ஆம்.

அவர்கள் மாற்றி எழுதிவிட்டார்கள் என்று போன் போட்டுக் கத்தினேன். பிறகு இரண்டு போரிலும் புதிதாகப் பிடித்து நானே செய்தேன். பள்ளிக்கூடம் மஞ்சள். மறுபடி செய்தேன். மஞ்சள்.

அப்போதுதான் உறைத்தது. ஜூலையில் பெயரைப் பாட்டிலில் எழுதவில்லை. மூடியில் எழுதினேன். இரண்டையும் கழற்றி வைத்து, மாற்றி மூடியிருக்கிறேன்! தனியார் பள்ளியில் பாடம் எடுத்தபோது இதே தப்புக்கு ஒரு பெண்ணை லேபுக்கு வெளியே நிற்க வைத்தவள் நான்.

ஓடிப்போய்ப் பள்ளிக்கூட மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கினேன். ரிப்பேர் என்று சொல்லிவிட்டேன்.

அஞ்சு வாரம். எல்லாப் பிள்ளைகளும் அதத்தான் குடிச்சுதுங்க. எம் பொண்ணு ஐஸ்வர்யாவும்தான். அஞ்சு வாரத்துல ஒண்ணும் ஆவாது, தெரியும். ஆனா இந்த "தெரியும்"தானே இவ்ளோ தூரம் கொண்டாந்து வுட்டுச்சு?

22.09.2023

கணவர் பிரபாகர் சோறு பிசைந்துகொண்டே தீர்ப்புச் சொன்னார்: "ரிப்பேர் ரிப்பேராவே இருக்கட்டும். கோயில் மோட்டார ஓட்டிவுடு. யாரு கேக்கப்போறா?"

கோயில் மோட்டாரை ஓட விட்டேன். யாருமே கேட்கவில்லை.

30.09.2023

ராஜினாமாக் கடிதம் எழுதினேன். நாலு எழுத்துப்பிழை. கிழித்துவிட்டேன்.

02.10.2023

கிராம சபையில் சொல்லிவிட்டேன். மூடி, பாட்டில், எல்லாம். தப்பு என்னுடையது என்று இரண்டு தடவை சொன்னேன் — முதல் தடவை மைக் வேலை செய்யவில்லை.

பச்சியப்பன் மாமா துள்ளி எழுந்தார். "தேங்கா பொய் சொல்லாதுங்க!" விசில் பறந்தது. ராஜினாமா செய் என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்போது குள்ளம்மாள் எழுந்தார். "அன்னிக்கும் இப்புடித்தான் அடிச்சு சொன்னீங்க. இன்னிக்கு சொல்றது நெசம்னு நாங்க எப்புடிங்க நம்பறது?"

மூன்று வருஷமாக இந்த ஊரில் ஒருவராவது இப்படிக் கேட்க மாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். பெட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். "நீங்களே பாருங்க."

அவர் குழுப் பெண்களை அனுப்பி மூன்று டம்ளரில் தண்ணீர் எடுத்து வரச் சொன்னார். எது எங்கேயிருந்து என்று எனக்குச் சொல்லவில்லை. எத்தனை சொட்டு என்று மட்டும் நான் சொன்னேன். ஒன்று சிவப்பு: கோயில். ஒன்று மஞ்சள்: பள்ளிக்கூடம். மூன்றாவது அதைவிட மஞ்சள்.

"இது எந்தத் தண்ணி?" என்றார் பச்சியப்பன் மாமா.

"உங்க வூட்டுப் போருங்க" என்றார் குள்ளம்மாள்.

அதுவும் தேங்காய் காட்டிய இடம்தான். மாமா உட்கார்ந்தார். அவர் பேத்திக்கு ஏழு வயது. அதனால் நான் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து கொஞ்சம் சிரித்தேன்.

14.11.2023

இனி மாதம் ஒரு முறை மகளிர் குழுவே எல்லாப் போரையும் சோதிப்பதாகத் தீர்மானம் போட்டிருக்கிறோம். இன்று முதல் சோதனை. அழைப்பில்லாமல் போனேன். குள்ளம்மாள் கண்ணாடிக் குழாயைக் கார்டோடு ஒட்டிப் பிடித்திருந்தார். பச்சியப்பன் மாமா கையில் தண்ணீரோடு வரிசையில் ஏழாவது ஆளாக நின்றார். ஒன்றா, ஒன்றரையா என்று எட்டிப் பார்த்தேன்.

"தலைவரம்மா, கார்டு மேல நெழல் வுழுது. அந்தாண்ட நில்லுங்க."

நின்றேன்.