சளிக்குப் பயந்து தவளக்குப்பம் போனவருக்கு

மாமா,

மத்தியானத்திலிருந்து சின்னவளைத் தோளில் நிமிர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் சளியோடு கக்கிய பால் என் புடவையில் காய்ந்து புளித்த வாடை அடிக்கிறது. எழுந்து மாற்றத் தெம்பில்லை. இந்த வாடை வந்தாலே, நெல்லித்தோப்பு வீட்டில் பெரியவன் கைக்குழந்தையாக இருந்த அந்த மழைக்காலத்துக்குப் போய்விடுகிறேன். அங்கே நீங்கள் இருக்கிறீர்கள்.

முதலில் உங்களுக்குத்தான் சளி பிடித்தது. மில்லில் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தே தேய்ந்த நெஞ்சு. இருமல் உங்களுக்குப் புதிதில்லை. மில்லிலிருந்து நின்ற பிறகு பேரன்தான் உங்கள் வேலை. மடியில் போட்டுக்கொண்டு கன்னத்தில் முத்தம் வைத்தபடி இருப்பீர்கள். பிறகு அவனுக்கு மூக்கு ஒழுகியது. சாதாரணச் சளி என்றிருந்தோம். ஒரு காலையில் பால் குடிக்க வாய் வைத்தவன் மூச்சு வாங்கி, குடிக்க முடியாமல் வாயை எடுத்துவிட்டான். விலாவுக்குக் கீழே தோல் குழிந்து குழிந்து இழுத்தது. “புள்ள மூச்ச பாரும்மா, கெளம்பு” என்று ஓடிப்போய் ஆட்டோ பிடித்து வந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். “நல்லதா ஒரு ஊசி போடுங்கம்மா” என்று டாக்டரிடம் கெஞ்சினீர்கள்.

“இது வைரஸ் பெரியவரே, ஆன்டிபயாட்டிக் ஊசிக்கு அடங்காது. தானாத்தான் எறங்கணும். மூக்குல உப்புத்தண்ணி சொட்டு விட்டு சளிய எடுக்கணும், பால கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடுக்கணும், மூச்சு எப்படி இருக்குன்னு பாத்துக்கிட்டே இருக்கணும். பெரியவங்களுக்கு வெறும் ஜலதோஷம். கைக்கொழந்தைக்கு மூச்சுக்குழாய் சின்னது, அடச்சிக்கும்.”

“பெரியவங்ககிட்டேருந்து ஒட்டுமா?”

“ஒட்டும். இருமல்ல, கையில, முத்தத்துல. ஆனா யார்கிட்டேருந்து வந்துச்சின்னு சொல்ல முடியாது. இந்த மழையில ஊரெல்லாம் இருக்கு.”

அந்தக் கடைசி வார்த்தை உங்கள் காதில் விழவேயில்லை.

பிள்ளை தேறி வீட்டுக்கு வந்த அன்றே, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு தவளக்குப்பத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினீர்கள். “இருமல் நிக்கட்டும், வரேன்.” இருமல் நின்றும் வரவில்லை. கடைசியில் பிள்ளையைக் கொஞ்ச நேரம் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நான் பஸ் ஏறி வந்தேன்.

“உங்களாலன்னு யாரும் சொல்லல மாமா.”

“நீ சொல்ல மாட்டம்மா. எனக்குத் தெரியுதுல்ல.”

சமாதானம் சொல்லிக்கொண்டிருக்க என்னால் ஆகவில்லை. சரியாகத் தூங்கியே வெகுநாளாகியிருந்தது. “எனக்கு முடியல மாமா. அவன வச்சிக்க ஆளில்ல” என்றேன். பையை எடுத்தீர்கள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். இறங்கும் இடம் நெருங்கி, முதலியார்பேட்டை தாண்டிய பிறகுதான் எழுப்பினீர்கள்.

அதற்குப் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அவனைத் தொட்டதில்லை. தூக்கினீர்கள், குளிப்பாட்டினீர்கள், கடைக்குக் கூட்டிப்போனீர்கள். கன்னத்தில் முத்தம் மட்டும் வைக்கவேயில்லை.

போன வருஷ மழையில் நீங்கள் படுத்தீர்கள். அதே மாதிரி ஜலதோஷத்தில்தான் தொடங்கியது. தேய்ந்த நெஞ்சு தாங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்தபோது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

“அவன உள்ள விடாதம்மா, ஒட்டிக்கும்.”

“பள்ளிக்கூடம் போற புள்ள மாமா. இப்ப தாங்குவான்.”

நான் அனுப்பினேன். நீங்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அவன் கட்டிலில் ஏறி, உங்களைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கி, உங்கள் கன்னத்தில் முத்தம் வைத்தான். நீங்கள் மறுபடி திரும்பவில்லை. உங்கள் கை அவன் முதுகைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

உங்கள் காரியத்தின்போது அவனுக்கு மூக்கு ஒழுகியது. உங்களிடமிருந்து வந்ததோ, பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததோ. சிந்திவிட்டேன், வெந்நீர் கொடுத்தேன். சரியாகிவிட்டது.

நேற்று உங்கள் மகள் வந்தார். வாசலிலேயே நின்று இருமினார். “எனக்கு சளி புடிச்சிருக்கு, அப்புறமா வரேன்” என்று திரும்பிப் போகப் பார்த்தார். பேச்சும் நடையும் அப்படியே நீங்கள்.

“கை கழுவிட்டு உள்ள வாங்க அண்ணி. எட்ட உக்காருங்க, போதும்” என்றேன்.

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, ஜன்னலோர நாற்காலியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். வீட்டில் ஓர் ஆள் இருக்கிறது என்ற தைரியத்தில், நான் கொஞ்ச நேரம் கண் மூடினேன்.