நிரப்பாமல் விட்ட கட்டம்

பூந்தமல்லி,
ஞாயிறு காலை.

மதிப்புக்குரிய அகல்யா மேடத்துக்கு வித்யா வணக்கத்துடன் எழுதுவது.

மதுரையில் நீங்களும் வீட்டாரும் சுகம்தானே? இங்கே மெட்ரோ வேலைத் தூசியில் ஓயாத தும்மல், மற்றபடி குறையில்லை.

எங்கள் டிரஸ்ட் போட்ட இன்சுலின் கையேட்டுக்குத் தரச்சான்று தர முடியாது என்று மார்ச் மாதம் நீங்கள் திருப்பி அனுப்பியபோது உங்களைத் திட்டாத திட்டு இல்லை. டாக்டர் கையெழுத்து இருக்கிறது, ஆதாரம் இருக்கிறது, மறுபடி சரிபார்க்க வேண்டிய தேதிகூடப் போட்டாயிற்று, இன்னும் என்ன வேண்டுமாம் இந்த அம்மாவுக்கு என்று ஆபீஸில் கத்தினேன். "யாருக்காக எழுதினீர்களோ அவர்களிடம் கொடுத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டிருந்தீர்கள். நாங்கள் கொடுத்துப் பார்த்தது எங்கள் ஃப்ளாட்டில் உள்ள ஐ.டி. பிள்ளைகளிடம். பத்துப் பேரும் சூப்பர் என்றார்கள். ஒருவருக்கும் சர்க்கரை கிடையாது.

சரி, ஒப்புக்கு நாலு பேரைப் பிடிப்போம் என்று முதலில் பாரிவாக்கத்தில் என் அக்கா சொர்ணத்திடம் போனேன். கிளினிக்கில் கிடைத்த எங்கள் கையேட்டைப் பார்த்து நாலு மாதமாக ஊசி போட்டும் அவளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை. கால் புண்ணும் ஆறாமல், விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உங்கள் முறைப்படி, படித்ததைச் செய்து காட்டச் சொன்னேன். மருந்தை ஃப்ரிட்ஜில் வைக்கவும் என்று படித்தவள், எழுந்து போய் மேலே ஐஸ் பெட்டியைத் திறந்தாள். மருந்து கல்லாக உறைந்திருந்தது. "கீழ வெச்சா கெட்டுப்பூடும்னு இங்க வெச்சிகினு கீறேன்டி, போடறதுக்கு முன்னாடி எட்த்து வெச்சா எளகிடும்" என்றாள். உறைந்த இன்சுலின் வேலைக்கு ஆகாது. ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது என்று எங்கள் கையேட்டில் ஒரு வார்த்தை இல்லை.

அன்றே டாக்டரிடம் அழைத்துப் போய்ப் புது மருந்து வாங்கினோம். இப்போது சர்க்கரை இறங்கியிருக்கிறது, புண் காய்ந்துவிட்டது, விரலை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். போனால் போகிறது என்று அன்று நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால்? உங்களுக்குக் கோடி நன்றி மேடம்.

பழைய கையேடுகளைக் கிளினிக் கிளினிக்காகப் போய்த் திரும்ப வாங்கிவிட்டோம். கொண்டுபோனவர்களுக்கும் போன் செய்து சொன்னோம். புதியதைச் சர்க்கரை உள்ள பன்னிரண்டு பேர் சரியாகச் செய்து காட்டினார்கள். இந்த முறை சான்று கிடைத்துவிடும் என்று நீங்களும் சொன்னீர்கள்.

ஆனால் தவறுகளைப் பதியும் படிவத்தில், "பாதிக்கப்பட்டவரிடம் தெரிவித்தீர்களா?" என்ற கட்டத்தை நிரப்பாமல் அனுப்பியிருக்கிறேன். "நாந்தான் மக்கு, படிச்சும் தப்பு பண்ணிட்டேன், எந்தங்கச்சிதான் காப்பாத்துனா" என்று அக்கா பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறாள். கையேட்டை டாக்டர்கள் எழுதியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். எழுதியவள் நான். இரண்டு மாதமாக அவள் கையால் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு, சொல்லாமல் திரும்பி வருகிறேன்.

இன்று சாயங்காலம் போகிறேன். அந்தக் கட்டம் நிரம்பி வரும்வரை சான்றிதழை அனுப்பாதீர்கள் மேடம். நானே போன் செய்து கெஞ்சினாலும் அனுப்பாதீர்கள்.

என்றும் நன்றி மறவாத,
வித்யா